எந்தக் குறையோடு வாழ்வது?

தில்லியின் கோல் மார்க்கெட்டிலிருந்து கன்னாட் பிளேஸுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே ரிக்கி ராம் இசைக்கருவிக் கடை இருக்கிறது. 1920-இல் லாகூரில் தொடங்கி, பிரிவினைக்குப் பிறகு தில்லிக்கு வந்த கடை. ரவிசங்கருக்கு சிதார் செய்து கொடுத்தவர்கள். 1966 ஜூலையில் தில்லியில் இறங்கிய பீட்டில்ஸ் குழுவினர் கருவிகள் வாங்கியதும் இவர்களிடம்தான்.

சிதார் செய்கிறவர்கள் வேலையின் கடைசிக் கட்டத்தில், கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல்பரப்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுவார்கள். பார்வைக்குத் தட்டையாக இருக்கும் அந்தப் பரப்பில் நுண்ணிய வளைவு ஒன்று உண்டு. ஜவாரி என்று அதற்குப் பெயர். கருவியின் குரலைத் தீர்மானிப்பது அதுதான். குலா ஜவாரியில் ரீங்காரம் மிகுந்து நாதம் பளிச்சென்று வரும். பந்த் ஜவாரியில் ரீங்காரம் அடங்கி வாய்ப்பாட்டை ஒட்டி ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவே கோல் ஜவாரி. ரவிசங்கரின் சிதார் முதல் வகையின் பக்கம், விலாயத் கானின் சிதார் பந்த் பக்கம். இந்த இரண்டில் எது சரியான சிதார் என்று யாரும் கேட்டதில்லை.

அதே சிதாரைப் பதிவு செய்து வீட்டில் ஒலிக்கவிடும் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் பற்றிப் பேச்சு எழுந்தால் மட்டும் சண்டை வந்துவிடுகிறது. அளவுமானி சொல்வதே உண்மை என்று ஒரு கட்சி. காது சொல்வதே உண்மை என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்பிலும் நேர்மையான, திறமையான பொறியாளர்கள் இருக்கிறார்கள். பிறகு ஏன் ஒருவர் செய்யும் பெட்டி இன்னொருவர் செய்யும் பெட்டியைப்போல் ஒலிப்பதில்லை? குறையே இல்லாத ஒலிக்கருவி செய்ய இயற்பியல் இடம் தருவதில்லை. ஆகவே ஒவ்வொரு வடிவமைப்பாளரும் எந்தக் குறையை ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுக்கிறார். எந்த இசையையும் எந்த அறையையும் மனதில் வைத்து அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று தெரிந்துவிட்டால், சண்டையின் பெரும்பகுதியைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் திரிபு, அதாவது உள்ளே போன ஒலியில் இல்லாதது வெளியே சேர்ந்து வருவது. 1921-இல் கல்கத்தாவில் சி.வி. ராமன் தம்பூராவையும் வீணையையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கம்பியை மீட்டினால் ஆதார சுருதியோடு, அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் எழும். எந்த மேற்சுரத்துக்கு மீட்டும் இடம் அசையாப் புள்ளியாக இருக்கிறதோ, அந்த மேற்சுரம் எழாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவரின் பெயரால் வழங்கும் விதி. கம்பியைச் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் இருக்கக் கூடாது. தம்பூராவில் அவை தெளிவாகக் கேட்கின்றன என்று ராமன் காட்டினார்.

காரணம் அகலமான, வளைந்த குதிரை. கம்பி அதிரும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் கொஞ்சம் படிந்து கொஞ்சம் விலகுகிறது. கம்பிக்கும் குதிரைக்கும் இடையே நாம் செருகும் ஜீவா நூல் அந்தத் தொடுதலை இன்னும் நுட்பமாக்குகிறது. கீழ்ச்சுரத்தின் ஆற்றல் மேற்சுரங்களுக்குப் பாய்கிறது. பொறியாளர் மொழியில் இதற்கு நேரியல்பு மீறிய திரிபு என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் தம்பூராக்காரர் நூலை இழை இழையாக நகர்த்தித் தேடுவது அந்தத் திரிபின் சரியான அளவைத்தான். நம் இசையின் அடித்தளமே வேண்டி விரும்பிச் சேர்த்த திரிபின்மேல் நிற்கிறது என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

வால்வு ஆம்ப்ளிஃபயரை நேசிப்பவர்கள் கேட்பது இதற்கு நெருங்கிய உறவு. 300பி என்ற டிரையோடு வால்வு 1930-களின் அமெரிக்கத் தயாரிப்பு. ஒற்றை வால்வாக இயக்கினால் சுமார் 8 வாட் கொடுக்கும். சமிக்ஞையின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் அது துல்லியமாக ஒரே அளவில் பெருக்குவதில்லை. இந்தச் சமச்சீரின்மையால் இரண்டாம் மேற்சுரம் கூடுதலாகப் பிறக்கிறது. முழுத் திறனில் ஓடும்போது அது ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டாம் மேற்சுரம் என்பது மேல் ஸ்தாயி ஷட்ஜம். ஸ பாடினால் அதோடு மெல்லிய மேல் ஸ சேர்கிறது. காது அதைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. குரலுக்குக் கொஞ்சம் சதைப்பற்று கூடியதாக எடுத்துக்கொள்கிறது. மேலும், பலத்த சுரம் ஒன்று தனக்குப் பக்கத்தில், குறிப்பாகத் தனக்கு மேலே, இருக்கும் மெல்லிய சுரங்களை மறைத்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். ஏழாவதும் ஒன்பதாவதும் நிழலுக்கு வெளியே நின்று உறுத்தும். பிபிசி பொறியாளர் ஷார்ட்டர் 1950-லேயே இதைக் கணக்கில் கொண்டுவந்தார்: ஒவ்வொரு மேற்சுரத்தின் அளவையும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தில் நான்கில் ஒரு பங்கால் பெருக்கிய பிறகே திரிபைக் கூட்ட வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் எட்டாம் மேற்சுரத்துக்கு இரண்டாம் மேற்சுரத்தைப்போல் 16 மடங்கு தண்டனை கிடைக்கும். விளம்பரத் தாளில் வெறும் சதவீதத்தை மட்டும் அச்சிடும் வழக்கம் இன்றுவரை மாறாதது எனக்கு வருத்தமே.

ஆனால் இந்த இனிமைக்கு ஒரு விலை உண்டு. இரண்டு சுரங்கள் சேர்ந்து உள்ளே போனால், அதே திரிபு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் உண்டாக்கும். 200 ஹெர்ட்ஸில் ஸ, 300-இல் ப என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பிறப்பவை 100, 400, 500, 600. எல்லாம் 100-இன் மடங்குகள். கீழ் ஸ, மேல் ஸ, காந்தாரம், மேல் ப. அபஸ்வரமே இல்லை. சுருதிக்குள்ளேயே சுழலும் தனிப்பாட்டும் வீணையும் வால்வில் ஏன் அத்தனை நிறைவாக ஒலிக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல விளக்கம். இப்போது கீபோர்டில் வாசிக்கும் மேற்கத்திய மேஜர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 200, 252, 299.7. கழித்தால் 52-ம் 47.7-ம் வருகின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு நான்கு முறை விம்மும். ஐம்பது வயலின்கள் சேர்ந்த சினிமா இசையில் இப்படிப்பட்ட மோதல்கள் ஆயிரக்கணக்கில். அங்கே அதே ஆம்ப்ளிஃபயர் கலங்கிய தண்ணீராகிவிடும்.

எதிர்க்கட்சியின் பாதை 1927-இல் தொடங்கியது. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் படகில் எதிர்ப் பின்னூட்டம் என்ற யோசனையைக் குறித்து வைத்தார். வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளீட்டோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை நீக்கிவிடும் முறை அது. 1945-இல் இங்கிலாந்தின் லீக் நிறுவனம் 0.1 சதவீதத் திரிபு என்பதையே தன் ஆம்ப்ளிஃபயரின் பெயராக வைத்தது. இன்று அதைவிட நூறு மடங்கு தூய்மையான கருவி சாதாரண விலையில் கிடைக்கிறது.

இரு கட்சிக்கும் நடுவே ஒரு பரிசோதனை நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்கர், விலையுயர்ந்த எந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலியையும் தம் மலிவான டிரான்சிஸ்டர் கருவியில் வரவழைப்பதாக ஸ்டீரியோஃபைல் இதழுக்குச் சவால் விட்டார். இதழ் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தது. ஹோட்டல் அறையில் 48 மணி நேரம். இரண்டு கருவிகளின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மீதம் ஏறத்தாழ இல்லாமல் போகும்வரை தம் கருவியின் குணங்களை மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் இதழின் செவிகளால் வேறுபாடு காண முடியவில்லை. காதுக் கட்சிக்கும் இதில் வெற்றி இருக்கிறது: வால்வின் ஒலி கற்பனை இல்லை. அளவுக் கட்சிக்கும் வெற்றி இருக்கிறது: அந்த ஒலியை அளந்து நகலெடுக்க முடியும்.

கோல் மார்க்கெட்டைச் சுற்றி அரசு குமாஸ்தாக்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளில் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள். பக்கத்தில் மந்திர் மார்க்கில் தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அந்தத் தலைமுறை சங்கீதம் கேட்டது பெரும்பாலும் மரப்பெட்டி வால்வு ரேடியோவில். கொஞ்ச தூரத்தில் பாராளுமன்றத் தெருவிலிருந்த அகில இந்திய வானொலியில் சரோஜ் நாராயணசுவாமி வாசித்த தமிழ்ச் செய்தியைத் தமிழ்நாட்டில் பலர் கேட்டதும் அப்படித்தான். மத்திய அலையில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வந்து சேராது. 'ஷ' ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். 'ஸ' ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே என்பதால் மழுங்கிப் போகும். கீழே பார்த்தால், சின்ன ஸ்பீக்கரும் பின்பக்கம் திறந்த பெட்டியும் ஆணின் குரலுக்கு ஆதாரமான 100 ஹெர்ட்ஸைத் தெம்பாகத் தர முடியாது. ஆனால் 200, 300, 400 கேட்டால் மூளை 100-ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். பேசும் குரல் விழும் நடுப்பகுதி மட்டும் நேர்த்தியாக, ஒற்றை வால்வின் மேல் ஷட்ஜப் பூச்சோடு வந்தது. அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும், உச்சஸ்தாயியைத் தரும் ட்வீட்டர் பிரகாசமாக ஒலிப்பதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் காதில் குறை எதுவும் இல்லை. பழகிய ஒலியைத் தேடுகிறார்கள்.

இனி ஸ்பீக்கருக்கு வருவோம். கோல் மார்க்கெட்டுக்கு மேற்கே, கரோல் பாகைத் தாண்டினால் பூசாவில் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950-களில் இந்த ஆய்வகத்துக்கு ஃபுல்பிரைட் மாணவராக வந்து ஓராண்டு இருந்தவர் அமர் போஸ். தந்தை வங்கத்தின் விடுதலைப் போராளி; மகன் பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில். எம்ஐடியில் முனைவர் பட்டம் முடித்த கையோடு, தாளில் அச்சிட்ட அளவுகளை நம்பி ஒரு ஸ்டீரியோ வாங்கி, அதில் வயலின் ஒலித்த விதத்தைக் கேட்டு மனம் நொந்தவர். சிறுவயதில் வயலின் கற்றவர் என்பதால் அந்த ஏமாற்றம் ஆழமாகப் பதிந்தது.

அவர் எழுப்பிய கேள்வி அருமையானது. அரங்கில் அமர்ந்திருப்பவரின் காதுக்கு வயலினிலிருந்து நேராக வரும் ஒலி எவ்வளவு, சுவர்களில் பட்டு வருவது எவ்வளவு? பாஸ்டன் சிம்ஃபனி ஹாலில் அளந்தபோது நேர் ஒலி 11 சதவீதம், மீதி 89 சதவீதமும் எதிரொலித்து வருவது என்று கண்டார். 1968-இல் வெளிவந்த போஸ் 901-இல் ஒன்பது சிறு ஸ்பீக்கர்கள்: ஒன்று கேட்பவரை நோக்கி, எட்டு பின்சுவரை நோக்கி. ஒலி அறையெங்கும் பரவியது; பலர் மயங்கினார்கள். ஒற்றை வயலின் அறையகலத்துக்கு விரிந்துவிடுகிறது என்று மற்றவர்கள் குறைப்பட்டார்கள். 1970-இல் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று, இசைக்கருவிகள் அறையில் அலைவதுபோல் கேட்கிறது என்று எழுத, போஸ் நிறுவனம் தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் 1984-இல் இதழுக்குச் சாதகமாக முடிந்தது.

போஸின் தேர்வில் நான் காணும் சிக்கல் வேறு. பாஸ்டன் அரங்கின் எதிரொலி பதிவிலேயே இருக்கிறது. வீட்டுச் சுவர் அதன்மேல் இரண்டாம் முறை பூசுகிறது. நம் கச்சேரிக்கு இது இன்னும் பொருந்தாது. மைக் வந்ததிலிருந்து சபாவில் நாம் கேட்பதே மேடையோரப் பெட்டிகளின் ஒலி. தில்லியின் அஹுஜா போன்ற நிறுவனங்களின் ஸ்பீக்கர்கள் வழியாகவே பல ஊர்களில் கச்சேரி மக்களை எட்டியிருக்கிறது. பாடகரின் வாயருகே மைக். ஜீவாவின் ரீங்காரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. இப்படிப்பட்ட கச்சேரிக்கு மூல ஒலி எது? தம்பூராவுக்கு ஓரடி தள்ளி அமர்ந்திருக்கும் பாடகரின் காதில் விழுவதா, பத்தாவது வரிசையில் விழுவதா? இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் ஸ்பீக்கர் வடிவமைக்க முடியாது. பெரும்பாலோர் தமக்கே தெரியாமல் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

பிபிசி தெரிந்தே சொன்னது. வெளி ஒலிபரப்பு வேனுக்குள் இடம் கிடையாது. அறிவிப்பாளரின் குரல் இயல்பாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 1970-களில் பிறந்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு கையில் தூக்கக்கூடியது. கீழ்ச்சுரம் அதிகம் வராது என்பதால் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு சிறிய மேடு வைத்து ஈடுகட்டினார்கள். அதன் உணர்திறன், அதாவது கொடுத்த மின்திறனுக்கு அது எழுப்பும் ஒலியளவு, மிகக் குறைவு: சுமார் 82 டெசிபல். சினிமா அரங்கின் ஊதுகுழல் ஸ்பீக்கர் 100-ஐத் தாண்டும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு மின்திறன். 8 வாட் வால்வை இந்தச் சிறு பெட்டியோடு இணைத்தால் மூச்சுத் திணறும். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்த கணமே ஆம்ப்ளிஃபயரின் சித்தாந்தத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

இதன் பின்னால் இருப்பது அமெரிக்கப் பொறியாளர் ஹாஃப்மன் வகுத்த விதி. இரும்பு விதி என்றே அழைக்கிறார்கள். சிறிய பெட்டி, ஆழமான கீழ்ச்சுரம், அதிக உணர்திறன். மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். பெட்டியைச் சிறியதாக்கிக்கொண்டே கீழ்ச்சுரத்தையும் கேட்டால் உணர்திறன் சரிந்துவிடும்.

அறையும் தன் பங்கைக் கேட்கும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தில் 43 ஹெர்ட்ஸும் 57 ஹெர்ட்ஸும் சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கும். ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரைவிட அறையே அதிகம் பேசுகிறது. நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்தினால் 10 டெசிபல் ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். மிருதங்கத்தின் தொப்பி ஒரு வீட்டில் அதிர்ந்து, இன்னொரு வீட்டில் வெறும் தட்டலாகப் போவது இதனால்தான். ஒரே ஸ்பீக்கரைப் பற்றி இரண்டு நண்பர்கள் நேரெதிராகச் சொன்னால் இருவரும் உண்மையே பேசியிருக்கலாம்.

அப்படியானால் ரசனை என்பதே கிடையாதா? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் என்பவர் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து மக்களை மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவோடு அந்த வேலையைத் தொடர்ந்தார். 1994-இல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தவுடன் அதே ஆட்கள் போட்ட மதிப்பெண் மாறியது. பெட்டியின் அளவும் விலையும் பெயரும் காதுக்குள் புகுந்துவிட்டன. 2003-இல் ஆலிவ் 268 பேரைச் சோதித்தார். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஸ்பீக்கர்களை ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நிறுத்தினார்கள். மேடுபள்ளமில்லாத அதிர்வெண் வீச்சும், பக்கவாட்டிலும் அதே தன்மை மாறாத ஒலியும் உள்ள பெட்டிகளே முன்னால் நின்றன. நாம் பெருமையாக நினைக்கும் தனித்த ரசனை அங்கே பெரும்பாலும் கரைந்துபோனது.

முழுவதும் கரையவில்லை. ஹெட்ஃபோன்களை வைத்து ஆலிவ் குழு செய்த பின்னாளைய ஆய்வில் 64 சதவீதத்தினர் ஒரே மாதிரியான ஒலியை விரும்பினார்கள். 15 சதவீதத்தினர் அதைவிடக் கூடுதல் பாஸ் கேட்டார்கள். 21 சதவீதத்தினர் குறைவாகக் கேட்டார்கள். குறைவாகக் கேட்டவர்களில் பெண்களும் ஐம்பது வயதைக் கடந்தவர்களும் அதிகம். ரசனை வேறுபாடு நெடுகப் பரவியில்லாமல் பெரும்பாலும் கீழ்ச்சுரத்தில் குவிந்திருக்கிறது. அறை அதிகம் பேசும் இடமும் அதுவே.

இந்தியாவில் இன்று ஒலிக்கருவி செய்பவர்களிடம் இந்தப் பிரிவுகளைத் தெளிவாகப் பார்க்கலாம். தில்லியின் லிரிட்டா ஆடியோ ஒற்றை வால்வுப் பாதையில் நடக்கிறது; நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தத்தால் இயங்கும் ஸ்பீக்கர்களையும் அவர்கள் செய்கிறார்கள். கொச்சியில் கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் உருவாக்கிய ரெதம் ஸ்பீக்கர்களில் குரலிலிருந்து உச்சஸ்தாயிவரை ஒரே கூம்புதான் பாடுகிறது. கீழ்ச்சுர உஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பங்கிடும் சுற்றுக்குப் பெரும்பாலும் அங்கே வேலையில்லை. மனிதக் குரலின் நடுவே தையல் விழக் கூடாது என்பது அந்தத் தேர்வு. அதற்கு விலை, குறுகிய மேற்சுரக் கற்றை. 2,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 17 சென்டிமீட்டர். அதற்கு நிகரான அகலமுள்ள கூம்பு அதற்கு மேலே போகப்போக டார்ச் வெளிச்சம்போல் நேராக மட்டுமே ஒலிக்கும். நடு நாற்காலியில் இருப்பவருக்கு அற்புதம், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கல். கொல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன், ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய மானிட்டர்கள் செய்கிறது. பதிவில் உள்ளது எதுவோ அது மட்டும் வர வேண்டும் என்பது அங்கே குறிக்கோள்.

இவ்வளவு தூரம் விலகி நிற்பவர்கள் ஓரிடத்தில் மட்டும் அருகே வருகிறார்கள். ரெதமும் கீழ்ச்சுரத்துக்குத் தனி உஃபரையும் உள்ளேயே ஆம்ப்ளிஃபயரையும் வைத்தது. இரும்பு விதிக்கு முன்னால் வளைந்துகொடுக்க எல்லோருக்கும் அகப்பட்ட வழி, கீழ்ச்சுரத்துக்கு மட்டும் கூடுதல் மின்திறனைச் செலவிடுவதுதான்.

செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ பெரிய ஷோரூமிலோ இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடப் போகிறவர்கள் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தத்தை இரண்டுக்கும் ஒரு சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். ஒலியளவு வேறுபாடு 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். அரை டெசிபல் உரத்து ஒலிப்பது உரத்ததாகத் தோன்றாது. தெளிவாக, உயிரோட்டமாகத் தோன்றும். விற்பனையில் மிகப் பழைய தந்திரம் இது. எந்தக் கருவி ஓடுகிறது என்று தெரியாதபடி உடன் வந்தவரை மாற்றச் சொல்லுங்கள். தம்பூராவும் குரலும் மட்டும் உள்ள பதிவு ஒன்று, பெரிய வாத்தியக் குழுவோடு வந்த சினிமாப் பாட்டு ஒன்று, இரண்டையும் கேளுங்கள். முதலாவதில் நெகிழவைத்து இரண்டாவதில் கலங்கும் கருவியில் இரண்டாம் மேற்சுரம் தாராளமாக இருக்கிறது. அதை வாங்கலாமா என்பதை உங்கள் வீட்டில் இந்த இரண்டில் எது அதிகம் ஒலிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். பாஸைப் பற்றி மட்டும் கடையில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். நான்கு நாள் வீட்டுக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.